பட்டினம் இல்லாத துறை

உல்லாசக் கப்பல் பயணங்களுக்கென்றே வெளிவரும் இதழ்கள் வருடா வருடம் விருது கொடுக்கின்றன. நல்ல கேபின், நல்ல சாப்பாடு, நல்ல ஆட்டம் பாட்டம் என்று நீளும் பட்டியலில் ‘சிறந்த தனியார் தீவு’ என்றும் ஒரு பிரிவு உண்டு. பஹாமாஸில் கப்பல் நிறுவனங்கள் விலைக்கோ குத்தகைக்கோ எடுத்து வைத்திருக்கும் தீவுகள் மாறி மாறி அதைத் தட்டிக்கொண்டு போகும். கப்பலும் அவர்களுடையது, தீவும் அவர்களுடையது, தீவில் குடிக்கும் குளிர்பானமும் அவர்களுடையது. பயணிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது என்பதால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

விருது கிடக்கட்டும். என்னை எழுத உட்கார வைத்தது அதற்கு வாங்கப்படும் வக்காலத்து. ‘கரீபியன் பயணத்துக்குத் துறைமுகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி’ என்று இப்போது ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் ஊர்ப் பெற்றோருக்காகத் தமிழிலும் சொல்கிறார்கள். சாரம் ஒன்றுதான். கப்பல் நேராகப் பாலத்தில் கட்டுமா, தள்ளி நின்று படகில் இறக்குமா என்று பாருங்கள். கடற்கரை எத்தனை நிமிடத் தூரம் என்று பாருங்கள். கையைப் பிடித்து இழுக்கும் வியாபாரிகள் உண்டா என்று பாருங்கள். எல்லாம் பார்த்து முடித்தால் தனியார் தீவுக்கே முதலிடம். அழுக்கில்லை, ஏமாற்றில்லை, பேரம் பேசும் தொல்லை இல்லை, நம்மால் உள்ளூர்க்காரர்களுக்கும் தொந்தரவில்லை. கடைசியாகச் சொன்ன இந்தக் காரணம்தான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூட்டுவலிக்காரர்களுக்கும், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும், இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கும் கப்பலிலிருந்து இறங்கியதும் சமதளமும் நிழலும் கழிப்பறையும் கிடைப்பது பெரிய விஷயம். நான்கைந்து கப்பல்கள் ஒரே காலையில் வந்து கட்டும் நாளில் பஹாமாஸின் நாசாவ் நகரத்துக் கடைவீதியில் நடப்பது திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மாதிரிதான். எம்.எஸ்.சி. நிறுவனத்தின் ஓசன் கே ஒரு காலத்தில் மணல் அள்ளிப் பாழாகிக் கிடந்த இடம்; 2019இல் திறக்கும் முன் இரும்புக் கழிவை அகற்றி மரம் நட்டிருக்கிறார்கள். அது நல்ல காரியம். வருடம் முழுக்க உழைத்தவன் ஒரு நாள் மணலில் மல்லாந்து கிடக்க ஆசைப்பட்டால், எழுந்துபோய்ச் சரித்திரம் படி என்று சொல்ல நான் யார்? இவ்வளவு போதும்.

‘தேர்ந்தெடுப்பது’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். நான்கைந்து பயணத்திட்டங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, இந்தத் தீவா அந்தத் தீவா என்று விரல் வைப்பவர் தான் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்கிறார். அந்தத் தாள் அச்சாகும் முன்பே மூன்று பேர் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார்கள்: சட்டம், எரிபொருள், கணக்குப் புத்தகம்.

சட்டம் 1886ஆம் ஆண்டினது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறை ஒன்றில் பயணியை ஏற்றி இன்னோர் அமெரிக்கத் துறையில் இறக்கக் கூடாது என்கிறது. மயாமியில் ஏறி மயாமியிலேயே இறங்குவதானாலும் நடுவில் அன்னிய மண் ஒன்றைத் தொட்டாக வேண்டும். உல்லாசக் கப்பல்களில் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா, மால்டா கொடிகளைப் பறக்கவிடுபவை. மூன்று இரவுப் பயணத்தில் நாசாவ் தவறாமல் இடம்பெறுவதில் நாசாவின் அழகுக்கு எவ்வளவு பங்கோ அதைவிட அதிகப் பங்கு இந்தச் சட்டத்துக்கு. இதன் உச்சத்தைப் பார்க்க பசிபிக் கடலுக்குப் போக வேண்டும். 2000களின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளைச் சுற்றிய நார்வீஜியன் நிறுவனத்தின் கப்பல்கள், சட்டத்துக்கு ஓர் அன்னிய மண் வேண்டுமே என்று, தெற்கே சுமார் 1,900 கி.மீ. தள்ளிக் கிரிபாட்டி நாட்டின் ஃபேனிங் தீவுவரை போய்விட்டு வந்தன. தபுவாரன் என்பது அங்குள்ளவர்கள் வைத்த பெயர். போகவும் வரவும் நாள்கணக்கில் வெறும் கடல். விளம்பரத் தாளில் இது ‘யாரும் காணாத சொர்க்கம்’. அமெரிக்கக் கொடியுடன் கப்பல்கள் ஹவாயிலேயே ஓட ஆரம்பித்த பிறகு, சில ஆண்டுகளுக்குள் அந்தச் சொர்க்கத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

எரிபொருள் கணக்கு இன்னும் எளிது. கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் எஞ்சினிலிருந்து ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். பக்கத்துத் தீவுக்கு இரவெல்லாம் ஊர்ந்து போகும் கப்பல் மிச்சம் பிடிக்கும். ஃபுளோரிடாவின் வாசற்படியில் பஹாமாஸ் இருக்கிறது. மயாமியிலிருந்து பிமினி சுமார் 80 கி.மீ.தான். டொமினிக்கா, கிரெனடா போன்ற தெற்குத் தீவுகள் அழகில் எத்தனை படி மேலிருந்தாலும் ஏழு நாள் பயணத்துக்குள் மயாமிக் கப்பல்களின் கைக்கு எளிதில் எட்டுவதில்லை.

மூன்றாவது, கணக்குப் புத்தகம். மெக்சிகோவின் கோசுமேலில் இறங்கும் பயணி டாக்சிக்காரருக்கும் மீன் பொரிக்கும் அம்மாளுக்கும் காசு கொடுத்துவிட்டு வருவார். நிறுவனத்தின் தீவில் கேபின் சாவியாக இருக்கும் அட்டையேதான் பணம். அதைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் காசு கப்பலுக்கே திரும்புகிறது. ராயல் கரீபியன் 2019இல் கோகோ கே தீவைப் புதுப்பித்து 135 அடி உயரச் சறுக்குமரம் கட்டியது. அதில் சறுக்கத் தனிச்சீட்டு. சட்டத்துக்கு அது பஹாமாஸ் மண், எரிபொருளுக்கு ஓர் இரவுத் தூரம், கணக்குக்குச் சொந்தக் கல்லாப்பெட்டி. மூன்று விரலும் ஒரே இடத்தைச் சுட்டும்போது பயணியின் ரசனைக்கு அங்கே என்ன வேலை? 1977இல் நார்வீஜியன் நிறுவனம் கிரேட் ஸ்டிரப் கே தீவோடு ஆரம்பித்தது. 1986இல் ராயல் கரீபியனுக்கு ஹைத்தியின் லாபாடி. 1998இல், 99 ஆண்டுக் குத்தகையில், டிஸ்னியின் காஸ்ட்அவே கே. 2025 ஜூலையில் கார்னிவல் நிறுவனத்தின் செலிப்ரேஷன் கீ. இதைக் கோடைக்கால நாகரிகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டாகப் பொறுமையாகப் போடப்பட்ட ஒரே பாதை.

லாபத்துக்காகச் செய்கிறார்கள் என்பது என் புகார் ஆகாது. கப்பல் என்று ஒன்று மிதந்த நாளிலிருந்து லாபத்துக்காகவே மிதக்கிறது. என் பழைய புகார் வேறு.

தமிழில் ‘பட்டினம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், காயல்பட்டினம். பெரும்பாலும் கடலோரத்து ஊருக்கே அந்தப் பெயர். கப்பல் வருவதும் ஊர் இருப்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். பட்டினப்பாலை காட்டும் புகாரில் சுங்கக்காரர்கள் மூட்டைகளுக்குப் புலிச்சின்னம் பொறிக்கிறார்கள், பரதவர் விளையாடுகிறார்கள், பல மொழி பேசுவோர் கலந்து வாழ்கிறார்கள். வந்து இறங்குபவனுக்குத் தொடர்பே இல்லாத ஆயிரம் காரியங்கள் அங்கே நடந்துகொண்டிருக்கின்றன. துறைமுகம் என்பதன் ருசியே அதுதான். நீ வருவதற்கு முன்பும் அந்த இடம் இருந்தது, நீ போன பிறகும் இருக்கும், உன்னை அது பெரிதாகக் கண்டுகொள்ளாது. ‘சிறந்த தனியார் தீவு’ விருது, பட்டினத்தைக் கழித்துவிட்டு மிஞ்சிய துறைக்குக் கொடுக்கப்படுவது. காலை எட்டு மணிக்குக் கப்பல் வரும்போது தீவு விழிக்கிறது, மாலை ஐந்து மணிக்கு அது கிளம்பியதும் தீவு அணைக்கப்படுகிறது. விளக்கை அணைப்பது போல.

தனியார் தீவோடு இது நின்றிருந்தால்கூட நான் இவ்வளவு எழுதமாட்டேன். அதில் ருசி கண்ட நிறுவனங்கள் அதே அச்சில் உண்மையான ஊர்களையும் வார்க்கப் பார்க்கின்றன. ஜமைக்காவின் ஃபால்மத், 18ஆம் நூற்றாண்டில் சர்க்கரையாலும் அடிமை உழைப்பாலும் எழுந்த ஊர். அந்தக் காலத்து வீடுகள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. 2011இல் அங்கே பெரிய கப்பல்களுக்கான துறை திறக்கப்பட்டது. பழைய ஊரின் சாயலில் வாயிலுக்குள் ஒரு புது ஊர் எழுந்தது. நகைக்கடை, ரம் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் உள்ளே. நிஜ ஊர் வாயிலுக்கு வெளியே, நூறு அடியில். கப்பல் வந்தால் பிழைப்பு வரும் என்று காத்திருந்த தெருவியாபாரிகள் வாயிலுக்கு வெளியே நின்று கூவ வேண்டியதாயிற்று. நிஜத்தின் வாசலில் நிஜத்தின் பொம்மையை வைத்துப் பயணியை அதிலேயே நிறுத்திவிடும் இந்தச் சாமர்த்தியம் தனியார் தீவைவிடக் கெட்டது. தனியார் தீவு பொய் சொல்வதில்லை. அங்கே ஊர் இல்லை, இருப்பதாக நடிப்பதும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் மகள் வற்புறுத்தி எங்களை ஏழு நாள் கப்பலில் கூட்டிப்போனாள். எந்தக் கப்பல் என்பது இங்கே தேவையில்லை. எல்லாம் ஒரே மாதிரிதான். கரையில் இறங்குவதற்கு முந்தின நாள் மாலை, அரங்கத்தில் ‘துறைமுக அறிமுகம்’ என்று ஒரு கூட்டம். தீவின் சரித்திரம் சொல்வார்களாக்கும் என்று நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் வைரம் வாங்கும் முறை. கையில் கொடுத்த வரைபடத்தில் கடைகளுக்கு மட்டும் எண் போட்டிருந்தது. தேவாலயம், சந்தை, மருத்துவமனை ஒன்றும் இல்லை. மறுநாள் கரையில் இறங்கி, மஞ்சளும் நீலமுமாகப் பூசிய கட்டடங்களைக் கடந்து வேலி ஓரம் வந்ததும், சீருடையில் நின்ற பையனிடம் ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டேன். “இதுதான் சார் ஊர்” என்றான். நீ எந்த ஊர் என்று கேட்டதும் சிரித்துவிட்டு வேலிக்கு அப்பால் மலைப் பக்கம் கையைக் காட்டினான். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் என் நடுநிலைமை கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடுகிறது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நியாயம்.

லாபாடிக்கு வருவோம். ஹைத்தியின் வடக்குக் கரையில் வேலிக்குள் இருக்கும் கடற்கரை அது. 2010 ஜனவரி 12ஆம் தேதி ஹைத்தியை நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். மூன்றாம் நாள், ஜனவரி 15, உல்லாசக் கப்பல் வழக்கம்போல லாபாடிக்கு வந்தது. உலகம் முழுக்கக் கண்டனம். ராயல் கரீபியன் நிறுவனம் சொன்ன பதிலில் நியாயமும் இருந்தது: நிவாரணப் பொருள்களைக் கப்பலிலேயே கொண்டுவந்தோம், வராமல் போனால் அங்கே வேலை செய்பவர்களின் கூலி போகும். வந்தது தவறு என்று நானும் சொல்லவில்லை. வர முடிந்ததுதான் என்னை உறுத்துகிறது. தலைநகரம் இடிபாட்டில் கிடக்கும் நாட்டில், அதே மண்ணில், மிதவை நாற்காலியில் படுத்து மது அருந்த முடிகிறது என்றால், அந்தத் துறை அந்த நாட்டிலிருந்து எவ்வளவு சுத்தமாக வெட்டி எடுக்கப்பட்டிருக்க வேண்டும்! எந்த ஊர்ப் பட்டினத்திலும் இது நடந்திருக்காது. கடையடைத்திருப்பார்கள். ஒப்பாரி கேட்டிருக்கும்.

‘உள்ளூர்க்காரர்களுக்குத் தொந்தரவில்லை’ என்ற வாதத்தை இப்போது எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர்க்காரர்கள் தொந்தரவு வேண்டாம் என்று சொன்னார்களா என்றால், சிலர் சொன்னதுண்டு. கேட்டவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கீ வெஸ்ட் மக்கள் 2020இல் ஓட்டெடுப்பு நடத்திப் பெரிய கப்பல்கள் வேண்டாம் என்றார்கள்; மறு வருடமே மாநிலச் சட்டசபை அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. போரா போரா நாளொன்றுக்கு 1,200 கப்பல் பயணிகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் கட்டும் பாலம் கிடையாது. படகில்தான் இறங்க வேண்டும். பாலம் கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் மக்களிடம் கேட்டபோது பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். துறைமுகத் தேர்வு ஆலோசகர்களின் பட்டியலில் ‘படகில் இறங்க வேண்டும்’ என்பது கழித்தல் குறி. ஊர் தன் வாசலின் அகலத்தைத் தானே முடிவு செய்துகொண்டதன் அடையாளம் அது என்று படித்தால் அதுவே கூட்டல் குறி.

வேண்டாம் என்பதற்குப் பதிலாக விலை கேட்ட ஊர்களின் கதை இன்னும் சுவாரஸ்யம். மெக்சிகோ 2024 கடைசியில், கப்பலில் வரும் ஒவ்வொருவருக்கும் 42 டாலர் தலைவரி என்று அறிவித்தது. நிறுவனங்கள் முகம் சுளித்தன, வேறு துறைகளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்ற பேச்சு எழுந்தது. 2025 ஜூலையில் வரி நடைமுறைக்கு வந்தபோது அது 5 டாலராகச் சுருங்கியிருந்தது, ஆண்டுக்காண்டு ஏற்றிக்கொள்ளலாம் என்ற சமாதானத்தோடு. 1990களிலும் கரீபியன் நாடுகள் கூடிப் பொதுவான தலைவரி ஒன்றை வைக்கப் பார்த்து, இதே மாதிரியான முகச்சுளிப்பில் அந்த ஒற்றுமை கலைந்தது. சொந்தத் தீவு கையில் இருக்கும் நிறுவனத்துக்கு ‘வேறு துறை’ எப்போதும் தயார். பயணியின் வசதிக்காக என்று சொல்லப்படும் தனியார் தீவு, ஊர்த் துறைமுகங்களோடு பேரம் பேசும் மேசையில் சத்தமில்லாமல் வைக்கப்பட்ட அரிவாள். பஹாமாஸ் அரசாங்கத்துக்கு இது புரிந்திருக்கிறது. 2024இல் தலைவரியை உயர்த்தியபோது நாசாவுக்கு வருபவருக்கு 23 டாலர், தனியார் தீவோடு திரும்பிவிடுபவருக்கு 25 டாலர் என்று வைத்தது. இரண்டு டாலர் வித்தியாசம். அந்த ஆண்டு அங்கே வந்தவர்கள் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேல், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கப்பலில் வந்தவர்கள், நாட்டின் மக்கள்தொகையோ நான்கு லட்சம்தான் என்பதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு டாலரில் தெரிவது கோபமா கூச்சமா என்று சொல்வது கஷ்டம்.

வேலை கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. செலிப்ரேஷன் கீ அமைந்திருக்கும் கிராண்ட் பஹாமா, 2019இல் டோரியன் புயல் சூறையாடிய தீவு. அங்கே வேலை என்பது சின்ன வார்த்தை இல்லை. உள்ளூர்க் கைவினைக்காரர்களுக்குக் கடை போட இடமும் பல தீவுகளில் விட்டிருக்கிறார்கள். ஆனால் நிறுவனம் ஒதுக்கிய இடத்தில், நிறுவனம் திறக்கும் நேரத்தில் உட்கார்பவர் குடக்கூலிக்காரர். தன் ஊர்த் துறையில், தன் திண்ணையில் கடை விரித்திருப்பவர் வந்தவனிடம் விலையை ஏற்றிச் சொல்லலாம், பிடிக்காவிட்டால் போடா என்றும் சொல்லலாம். அந்தப் ‘போடா’வைத்தான் ஆலோசகர்கள் ‘வியாபாரிகள் தொல்லை’ என்ற தலைப்பின் கீழ் நீக்குகிறார்கள்.

இதெல்லாம் தூரத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1990இல் மயாமியிலிருந்து பஹாமாஸுக்குக் குறும்பயணம் போவதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் ஒன்று, கைமாறிப் பெயர் சுருங்கி, கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ என்று 2022இல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அது அங்கே முதலில் விற்ற பயணங்களில் ஒன்று, எந்தத் துறையையும் தொடாமல் ஆழ்கடலுக்குப் போய்விட்டு இரண்டு இரவில் திரும்பி வருவது. பட்டினத்தைக் கழித்தவர்கள் துறையையும் கழித்துவிட்டார்கள். என் வாதத்தை நானேகூட இவ்வளவு தூரம் இழுத்திருக்க மாட்டேன். 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போனது. காங்கேசன்துறை! போர்க்காலத்தில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டுக் கிடந்து, சொந்த ஊர்க்காரர்களே கால் வைக்க முடியாமல் இருந்த கரை. சறுக்குமரம் இல்லை, மிதவை நாற்காலி இல்லை. ஆலோசகர்களின் மதிப்பெண் முறைப்படி அது தேறவே தேறாது.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது என்று மகள் கேட்டாள். நான் சொன்ன சோதனை கொஞ்சம் முரட்டுத்தனமானது: கப்பல் தொடும் இடத்தை வரைபடத்தில் தேடு, பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா பார். பள்ளிக்கூடம் இருந்தால் குழந்தைகள் இருக்கும், குழந்தைகள் இருந்தால் மளிகைக்கடை இருக்கும், சண்டை இருக்கும், சாயங்காலம் இருக்கும். இந்தச் சோதனையில் ஆளில்லாத எத்தனையோ அழகான பவழத் திட்டுகளும் அடிபட்டுப் போகும் என்று மாப்பிள்ளை சொன்னார். போகட்டும் என்றேன்.

அடுத்த குளிர்காலத்துக்கென்று மகள் அனுப்பிய பயணத்திட்டத்தில் நான்கு துறைகள். இரண்டில் பள்ளிக்கூடம் இருந்தது. அவற்றில் ஒன்றில் கப்பல் நிற்கும் நேரம் காலை 7 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, 12.30க்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும்.